கன்னியப்பன் சுற்றிய கம்பம்

நாளை முதல் துறையில் என் இடத்தில் உட்காரப்போகிற தம்பிகள் இருவருக்கும் இதை எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

வேலையை விட்டு ஓய்கிறவர் புதிதாக வருகிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்வது வழக்கம்தான். தலை நரைத்தவர் சொன்னால் கேட்கவும் நன்றாக இருக்கும். எனக்கோ மீசையே இப்போதுதான் ஒழுங்காக முளைத்திருக்கிறது. ஆனாலும் பழவேற்காட்டுத் துறையில் கடுதாசி எழுதுகிற வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன் என்பது உண்மை. நாகப்பட்டினத்தில் ஒல்லாந்தர் சரக்கு வைக்கிற கிட்டங்கி ஒன்றில் எழுத ஆள் வேண்டுமாம், கூப்பிட்டிருக்கிறார்கள். சரக்குப் பெயர்களை எழுதுகிற வேலை. அதில் படகுப் போட்டிக்கு இடம் இருக்காது. அந்த ஊரில் போட்டி நடக்குமா என்று மட்டும் முதலிலேயே விசாரித்து வைத்துக்கொண்டேன். நடக்குமாம்.

மை காய்ச்சுவது, இறகு சீவுவது, காற்றில் காகிதம் பறக்காமல் கல் வைப்பது இதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. சில நாளில் கை பழகிவிடும். நான் சொல்ல விரும்புவது வேறு.

எங்கள் குடும்பத்தில் எழுத்து தெரிந்த முதல் ஆள் நான். நைனா ஏரியில் வலை போடுவார், வலைக்கு வேலை இல்லாத நாளில் சேற்றில் கைவிட்டு இறால் தடவிப் பிடிப்பார். நான் எழுத்துக்காரன் ஆனதற்குப் பள்ளிக்கூடம் பாதிக் காரணம். மீதிப் பாதி கன்னியப்பன்.

கன்னியப்பனை உங்களுக்குத் தெரியும். காணும் பொங்கலன்று கோட்டைத் துறையிலிருந்து புறப்பட்டு, ஏரி நடுவில் நட்ட கம்பத்தைச் சுற்றித் திரும்பி வருகிற போட்டியில் எங்கள் குப்பத்துக்காக ஓடுகிறவர். தோணிக்கு ஒரு ஆள், ஒரு கோல். ஆழமில்லாத ஏரி, துடுப்பு உதவாது. கோலைத் தரையில் ஊன்றி உந்தித் தள்ள வேண்டும். நான் மணலில் எழுத்துப் பழகிக்கொண்டிருந்த வயதில் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். அந்த வருடம் அவர் ஜெயிக்கவில்லை. முதலாவதாக வந்துகொண்டிருந்தவருக்கு, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கோல் முறிந்துபோனது. பாதிக் கோலோடு நின்றால் தரை எட்டாது. மனிதர் தோணி முனையில் குப்புறப் படுத்தார். கையைத் தோள் வரைக்கும் தண்ணீரில் விட்டு, முறிந்த கோலால் தரையைக் குத்திக் குத்தி வந்தார். மூன்றாவதாகக் கரை சேர்ந்தார். ஊர் முழுக்க ஜெயித்தவனைத் தூக்கிக்கொண்டு ஓடியது. நான் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு இவரைப் பார்த்தபடி நின்றேன்.

அன்று நைனாவால் போட்டிக்கு வர முடியவில்லை. இறால் தடவும்போது கெளுத்தி முள் காலில் ஏறி, வீங்கிப் படுத்திருந்தார். "இன்னாடா ஆச்சு, சொல்லு" என்றார். நான் சொன்னேன். நிறுத்தின இடத்திலெல்லாம் "அப்புறம்?" என்றார். நான் எழுந்து நின்று, விறகுக் கட்டையைக் கோலாகப் பிடித்துக்கொண்டு, கடைசியில் தரையில் குப்புறப் படுத்தே காட்டினேன். நைனா எழுந்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குக் கால் வலிக்கிறது என்று அதற்குப் பிறகு அவர் சொல்லவே இல்லை. ஒருவன் கண்ணால் பார்த்ததை இன்னொருவன் படுத்த இடத்திலிருந்து பார்க்க முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

துறையில் உட்கார்ந்த பிறகு நான் செய்த முதல் பிசகையும் சொல்லிவிடுகிறேன். அஞ்சலையம்மாவின் பிள்ளைகள் இரண்டு பேரும் கடல் தாண்டிப் பத்தாவியாவில் ஒல்லாந்தர் கப்பல் வேலையில் இருக்கிறார்கள். அந்த அம்மாள் வந்து உட்கார்ந்தால் சொல்வது இவ்வளவுதான்: "நாங்க நல்லா கீறோம்னு எழுது. மாடு கன்னு போட்டிச்சுனு எழுது. வேற இன்னாத்த எழுதறது?" காகிதத்தில் பாதி வெள்ளையாகக் கிடக்கும். எனக்கு மனசு கேட்கவில்லை. அம்மாளிடம் கேட்டுவிட்டு, அந்த இடத்தில் அந்த வருடத்துப் போட்டியை எழுதினேன். கன்னியப்பன் சிங்கமாகப் பாய்ந்தார், புயலாக வந்தார், ஏரியே அதிர்ந்தது என்று எனக்குத் தெரிந்த அலங்காரத்தையெல்லாம் கொட்டினேன். பல மாதம் கழித்துக் கப்பலில் பதில் வந்தது.

"கன்னியப்பன் சிங்கம் என்று எங்களுக்குத் தெரியும். அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம்? வாடையா, கொண்டலா? கம்பத்தை இடப்பக்கமாகச் சுற்றினானா, வலப்பக்கமாகவா? எழுதுகிற பையன் போட்டியைப் பார்த்தானா இல்லையா?"

அம்மாளுக்கு அதைப் படித்துக் காட்டும்போது என் காது சிவந்துவிட்டது. அவளோ, "இன்னா கேக்கறானுங்க? எழுது, எழுது, அடுத்த கப்பல்லயே எழுது" என்றாள். அந்தப் பிள்ளைகள் இத்தனை கேள்வி கேட்டு எழுதினது அதுதான் முதல் தடவை. அதிலிருந்து நான் போட்டிக்குப் போனால் முதலில் காற்றைப் பார்ப்பேன். அப்புறம்தான் கன்னியப்பனை.

சிங்கத்தை விட்டுவிடுங்கள் தம்பிகளே. காற்றை எழுதுங்கள்.

இப்போது, ஒரு வருடம் போட்டி நடந்த அந்தப் பனிக்காலையைப் பற்றி.

ஏரியில் வலை போடுகிற இடத்துக்குப் பாடு என்று பெயர் என்பது உங்களுக்கும் தெரிந்ததுதான். எந்தக் குப்பத்துக்கு எந்தப் பாடு என்று சீட்டுப் போட்டுப் பிரிப்பார்கள். முகத்துவாரத்துப் பாட்டை மட்டும் சீட்டில் போடுவதில்லை. கடல் தண்ணீரோடு இறால் உள்ளே ஏறி வருகிற வழி அது. காணும் பொங்கல் போட்டியில் ஜெயிக்கிற குப்பத்துக்கு அந்தப் பருவம் முழுக்க அந்தப் பாடு. கன்னியப்பன் புண்ணியத்தில் அது வருடா வருடம் எங்களுக்கே வந்துகொண்டிருந்தது.

ஓடைக்குப்பம் என்று வடக்கே பத்துப் பன்னிரண்டு குடிசை உள்ள இடம். அவர்களுக்கு ஒருநாளும் அது கிடைத்ததில்லை. போட்டிக்கு முந்தின நாள் அந்தக் குப்பத்துத் தேசப்பன் என்னிடம் வந்தான். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவன், கூச்சக்காரன், அவர்கள் சார்பில் போட்டியில் ஓடுகிறவன்.

"கப்பல்ல பேரு குடுக்கணும்னா எழுதத் தெரியணுமாடா?"

"தேவையில்ல. ஏன், யாரு போறா?"

"எல்லாந்தான். நானு, எங்கண்ணன், மச்சான். இந்த வருசமும் கரையோரப் பாடுதான் வந்துச்சுனா, நண்டு புடிச்சு எத்தினி பேரு துன்றது? பொங்கல் முடியட்டும்னு கீறோம்."

"போட்டி இன்னும் முடியலையே" என்றேன்.

"கன்னியப்பன் ஓடற போட்டியா?" என்று சிரித்துவிட்டுப் போனான்.

கம்பத்தடியில் ஒரு தோணியில் ஆள் நிறுத்துவது வழக்கம். யார் யார் எந்த வரிசையில் சுற்றினார்கள் என்று அந்தக் கம்பத்துக்காரன் வந்து சொன்ன பிறகுதான் பெரியதனக்காரர் முடிவு சொல்வார். அந்த வருடம் எழுதத் தெரிந்தவன் என்று என்னைப் போட்டார்கள். எனக்குத் தோணி தள்ள நைனாவே வந்தார். வரும்போது வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், "எம்புள்ளதான் கம்பத்துக்காரன்" என்றார்.

பனி என்றால் அப்படி ஒரு பனி. கம்பத்தின் உச்சியில் கட்டிய பனையோலையே நிழலாகத்தான் தெரிந்தது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு கோல்கள் தண்ணீரில் இறங்குகிற சத்தம் கேட்டது, கூட்டமாக. நெருங்கி வந்தது. வந்த சத்தம் அப்படியே ஒரு பக்கமாகத் திரும்பிக் குறைய ஆரம்பித்தது.

"இன்னா நைனா, சத்தம் அந்தாண்ட போவுது?"

"பனியில அப்டித்தான்டா காட்டும்."

அதற்குள் பனி கொஞ்சம் கிழிந்தது. கரைப் பக்கம், யாரோ வலை கட்ட நட்டு வைத்திருந்த ஒரு கழி. அதைச் சுற்றிக்கொண்டு ஒரு தோணி திரும்பிப் போகிறது. சிவப்புத் தலைப்பாகை. அவர் உடம்பை வளைத்துக் கோலை மாற்றுகிற விதம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். கொஞ்ச தூரம் விட்டு அவர் பின்னால் மற்றத் தோணிகளும், கோழி பின்னால் குஞ்சுகள் மாதிரி, அதே கழியைச் சுற்றிக்கொண்டு போயின.

"ஐயோ! வலைக்கழியச் சுத்திக்கினு போறானுங்கடா!" என்றார் நைனா.

நான் கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை. பனி மறுபடியும் மூடிக்கொண்டது.

கன்னியப்பனைப் பின்பற்றுவது எங்கள் ஏரியில் வழக்கமாகிவிட்டது. எங்கே ஆழம், எங்கே மேடு என்று அவர் கோலுக்குத் தெரியும். அவர் போகிற வழியில் போனால் தோணி தட்டாது. அதனால் ஒருவரும் கம்பத்தைத் தேடவே இல்லை. அவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

நைனா கோலைத் தூக்கப் போனார். "இருங்க, எண்ணிப் பாத்தேன், இன்னும் ஒருத்தன் வரணும்" என்றேன். வெகுநேரம் கழித்துத் தேசப்பன் வந்தான், தன்னந்தனியாக, மூச்சு வாங்கிக்கொண்டு. மிகவும் பின்தங்கிவிட்டதால் அவனுக்குப் பின்பற்ற ஒரு முதுகும் இல்லை. கம்பத்தை அவனே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாகிவிட்டது.

"எல்லாம் போய்ட்டானுங்களாடா? நான்தான் கடைசியா?"

கம்பத்துக்காரன் ஓடுகிறவனிடம் வரிசை சொல்லக் கூடாது. அவன் பெயரை மட்டும் குறித்துக்கொண்டேன். அவன் சிரித்துக்கொண்டே கம்பத்தை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றினான். எங்களைத் தவிர யாரும் பார்க்காத பனி, கடைசியாக வருகிறவன் குறுக்கே திரும்பியிருந்தாலும் கேட்பவர் இல்லை. அவன் சுற்றினான்.

திரும்பும்போது நைனா தோணியைத் தள்ளவே இல்லை என்று சொல்லலாம். கோலை ஊன்றுவார், அப்படியே நிற்பார்.

"உங்கம்மா முகத்துவாரத்து வலையெல்லாம் முடிஞ்சு வச்சிருக்காடா."

"தெரியும் நைனா."

"நீ சொல்லப் போறியா?"

"கேட்டா சொல்லணும்."

"கேக்காம உடுவானுங்களா!" என்றார். இன்னும் மெதுவாகத் தள்ளினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கரையில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. கோட்டை மதில்மேல் ஒல்லாந்தர் சிலர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கன்னியப்பன் நாலு பேர் தோளில் இருந்தார். எங்களுக்கு முன்பே கரை ஏறிவிட்ட தேசப்பன் ஓரமாக நின்றான். பெரியதனக்காரர் மேளத்தை நிறுத்தச் சொல்லி, "கம்பத்துக்காரரே, வரிசையச் சொல்லு" என்றார்.

"டேய், எம்பேர மட்டும் கொஞ்சம் ஓங்கிச் சொல்லுடா!" என்றார் தோள்மேல் இருந்தவர்.

"கம்பத்தைச் சுத்தினது ஒரே தோணி" என்றேன். "ஓடைக்குப்பத்துத் தேசப்பன்."

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் வந்தது பாருங்கள் வசவு.

"நாலு எழுத்து கத்துக்கினு வந்து ஊருக்கே குழி தோண்றான் பாரு!"

"எந்த ஊட்டுச் சோத்தடா துன்ற நீ?"

"கன்னியப்பன் சுத்தினதத்தான் நாங்க அத்தினி பேரும் சுத்தினோம். அப்போ நாங்கல்லாம் குருடா?"

ஓடைக்குப்பத்துக் கிழவர் ஒருவர், "கம்பத்த எங்க சுத்தினீங்க? கன்னியப்பனச் சுத்தினீங்க" என்றார். அடிதடி வருகிற நிலை.

பெரியதனக்காரர் நைனாவைப் பார்த்தார். "ஏம்பா, நீயும் கூடத்தான இருந்த?"

நைனா தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் குப்பம் முழுவதும் அவர் வாயையே பார்த்தது. "ஆமா" என்றார் கடைசியில். "அவன் சொல்றதுதான்."

கன்னியப்பன் இறங்கி என்னிடம் வந்தார். இத்தனை வருடம் நான் தூரத்திலிருந்து பார்த்த மனிதர். அவர் மூச்சு என் முகத்தில் பட்டது.

"நான் எங்க சுத்தினேன்ற?"

"வலைக்கழிய, ண்ணா."

நேராகத் தன் தோணிக்குப் போனார். கோலை எடுத்து அதன் அடிமுனையைக் கட்டைவிரலால் தடவினார். கம்பம் நடுகிற இடத்தில் அடியில் கிளிஞ்சல் படுகை. அங்கே ஊன்றிய கோல் வெள்ளையாகக் கீறிக்கொண்டு வரும். அவர் கோலில் கறுப்புச் சேறுதான் இருந்தது. பிறகு தேசப்பன் தோணியிலிருந்து அவன் கோலை எடுத்தார். முனையில் வெள்ளைக் கீறல். ஒரு கிளிஞ்சல் துண்டு அப்படியே செருகிக்கொண்டிருந்தது.

இரண்டு கோலையும் பெரியதனக்காரர் முன்னால் போட்டார். தன் தோணியை ஓங்கி ஓர் உதை விட்டார்.

"நான் சுத்தற அப்போ கழி மேலேர்ந்து ஒரு நீர்க்காக்கா பறந்துச்சு. ரெக்கைய விரிச்சுக் காய வச்சிக்கினு இருந்திருக்குது. பனியில நான் அத்த ஓலைனு நெனச்சுக்கினேன்" என்றார்.

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். கன்னியப்பனுக்குச் சிரிப்பு வரக் கொஞ்ச நேரம் ஆனது. ஆனால் வந்தது.

முகத்துவாரத்துப் பாடு அந்தப் பருவம் ஓடைக்குப்பத்துக்கு என்று பெரியதனக்காரர் சொல்லிவிட்டார். தேசப்பன் அதைக் கேட்டுவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல், தன் கோலைக் கழுவப் போனான்.

எங்கள் குப்பத்தில் சில நாள் என்னோடு யாரும் பேசவில்லை. அம்மா சோறு போட்டாள், முகம் கொடுக்கவில்லை. சீட்டில் வந்த பாட்டுக்கே நைனா வலையைத் தூக்கிக்கொண்டு போனார். பிழைப்பு நடந்தது. நான் துறையில் வந்து உட்கார்ந்தாலும் இறகு ஓடவில்லை. பத்தாவியாவுக்கு இதை எப்படி எழுதுவது?

அப்போது கன்னியப்பனே வந்து எதிரில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார்.

"அஞ்சலை பசங்களுக்கு எழுதிட்டியா?"

"இல்லண்ணா. எப்டி எழுதறதுனு..."

"நடந்தத எழுது. காக்காவ உட்றாத." எழுந்தவர் மறுபடியும் உட்கார்ந்தார். "ஆனா ஒண்ணு. தப்புக் கழிதான், சரி. அத்த எவ்ளோ வேகமாச் சுத்தினேன்னும் எழுது. எம்பின்னாடி ஒருத்தனும் கிட்டக்க இல்ல."

எழுதினேன். அதுவும் உண்மைதானே. பத்தாவியாவிலிருந்து வந்த பதிலில், "அந்தக் காக்கா எந்தக் குப்பத்துக் காக்கா? நன்றாக விசாரிக்கவும்" என்று இருந்தது.

மனசுக்குப் பிடித்த ஆட்டக்காரனைப் பற்றி எழுதினால் எழுத்து கெட்டுப்போகும் என்று உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். எனக்கு அவர்மேல் அத்தனை ஆசை இல்லாதிருந்தால் அந்தப் பனியில் அந்தப் பக்கமே பார்த்திருக்கமாட்டேன். பார்த்திருந்தாலும் அது அவர்தான் என்று தெரிந்திருக்காது. ஆசைதான் கண்ணைத் திறந்து வைத்தது. கண் பார்த்ததைச் சொல்லத்தான் கொஞ்சம் துணிச்சல் வேண்டியிருந்தது. இன்றைக்கும் போட்டி என்றால் நான் தேடுவது அந்தச் சிவப்புத் தலைப்பாகையைத்தான். நாகப்பட்டினத்திலும் ஒரு தலைப்பாகை எனக்குக் கிடைக்காமலா போகும்?

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். அந்தப் பனிக்காலைப் போட்டி முடிந்து சில நாளில், வெயில் ஏறின நேரம், ஒரு பெண் துறைக்கு வந்தாள். இடுப்பில் இறால் கூடை. தேசப்பனின் மனைவி என்றாள். பின்னால் தேசப்பன் நின்றான். கப்பலுக்குப் பேர் கொடுத்துவிட்டானோ என்று எனக்குத் திக்கென்றது.

"கடுதாசி எழுதணும் தம்பி."

"யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. யாரு போனா, எழுதறதுக்கு? எல்லாம் முகத்துவாரத்துலதான் கீறாங்க."

"அப்புறம் எதுக்குக் கடுதாசி?"

"அன்னிக்கு நான் வரல, கொயந்தைக்கு ஜுரம். இவரண்ட இன்னா நடந்துச்சுனு கேட்டா, 'போனேன், சுத்தினேன், வந்தேன்'றாரு. மூணு வார்த்தைக்கு மேல வாயத் தொறக்கல. நீ ஊரு ஊருக்கு எழுதறியாமே. எனக்கு எழுதிப் படிச்சுக் காட்டு."

காகிதத்தை எடுத்தேன். மேலே யார் பெயரை எழுதுவது? நலம், நலமறிய ஆவல் என்று யாரைக் கேட்பது? எல்லாவற்றையும் விட்டுவிட்டு, காற்று இல்லை, ஏரி முழுக்கப் பனி என்று ஆரம்பித்தேன். நான் இல்லாத நேரத்தில் கரையில் நடந்ததை அங்கே இருந்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். எழுதி முடித்துப் படித்தேன். கன்னியப்பன் வேகத்தைப் படித்தபோது அவள் உதட்டைக் கடித்தாள். "அங்க நான் ஒண்ணும் சிரிக்கல" என்று நடுவில் ஓர் இடத்தில் தேசப்பன் சொன்னான். "நீ கம்முனு இரு" என்றாள். எல்லாத் தோணியும் கரை ஏறி, மேளம் அடித்து, யாரும் ஏரிப் பக்கமே பார்க்காத நேரத்தில் பனிக்குள்ளிருந்து ஒற்றைத் தோணி வருகிறது, கரையில் இருப்பவர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்கிற இடத்துக்கு வந்தேன். மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினேன்.

அவள் கை இறால் கூடையின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. பக்கத்தில் நின்ற தேசப்பனை அவள் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"தம்பி, ஜெயிச்சிருவாராப்பா?" என்றாள்.